காலி ஜெல்லும் கங்காரு வாலும்



ரெக்கார்ட் நோட்டில் எப்பவாவது பொய் எழுதியிருக்கீங்களா? அட, கையைத் தூக்க வேண்டாம். எல்லாரும் தூக்கினா கிளாஸ் தாங்காது! டைட்ரேஷன் ரீடிங்கைக் கொஞ்சம் 'அட்ஜஸ்ட்' பண்றது, டாப்பர் பெஞ்ச் வேல்யூவோடு பாயின்ட் ஒண்ணு கூட்டி எழுதறது... இதெல்லாம் சீனியரிடமிருந்து ஜூனியருக்குப் பரம்பரைச் சொத்து மாதிரி வருகிற கலை. நானும் அந்தக் கலையில் இறங்கப் போனவள்தான். கடைசி நேரத்தில் என்னைத் தடுத்தது ஒரு கங்காரு வால். நம்ப முடியலையா? முதல்லேர்ந்து சொல்றேன்.

சரமும் முடிச்சும்

நான் படிப்பது பி.டெக். பயோடெக்னாலஜி, மூணாவது வருஷம். 'புரோட்டீன் படிக்கிறேன்'னு சொன்னா, சொந்தக்காரங்க உடனே ஜிம் பசங்க பாலில் கலக்கிக் குடிக்கிற பவுடரைப் பத்தித்தான் கேக்கறாங்க. உங்க தலைமுடி புரோட்டீன். நகம் புரோட்டீன். ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் புரோட்டீன். மெஸ் இட்லியையும் செரிக்க வைக்கிற என்ஸைம்களும் புரோட்டீன்தான் பாஸ்!

விஷயம் சிம்பிள். மொத்தம் 20 வகை அமினோ அமிலங்கள். அவற்றை மணி மாதிரி வரிசையாகக் கோத்தால் ஒரு நீளமான சரம் கிடைக்கும். அந்தச் சரம் சும்மா தொங்கிக்கொண்டிருக்காது. அங்கங்கே ஸ்பிரிங் மாதிரி சுருளும், சில இடங்களில் விசிறி மாதிரி மடியும். கடைசியில் முழுச் சரமும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட வடிவத்துக்கு வரும். நம்ம பாக்கெட்டுக்குள் போன இயர்போன் வயர் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சிக்கிக்கொள்ளும் இல்லையா? புரோட்டீன் அப்படிக் கிடையாது. ஒரே சரம் என்றால் திரும்பத் திரும்ப அதே மடிப்பு.

இதைச் சோதித்துக் காட்டியவர் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் என்ற அமெரிக்கர். ரைபோநியூக்ளியேஸ் என்கிற என்ஸைமை ரசாயனம் போட்டு முழுசாகப் பிரித்துவிட்டார். வேலை நின்றுபோனது. ரசாயனத்தை நீக்கியதும், யாரும் சொல்லிக் கொடுக்காமலே அது பழையபடி மடிந்து திரும்ப வேலை செய்ய ஆரம்பித்தது! மணிகளின் வரிசைக்குள்ளேயே வடிவம் ஒளிந்திருக்கிறது என்று நிரூபித்ததற்கு 1972-ல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

வடிவம் கெட்டால் என்ன ஆகும்? ஆம்லெட்டைப் பாருங்க. சூடு பட்டதும் வெள்ளைக்கருவின் புரோட்டீன்கள் பிரிந்து, ஒன்றோடு ஒன்று சிக்கி, கெட்டியாகிவிடுகின்றன. இங்கே நம்மால் திரும்பப் பிரிக்க முடியாது. பால் தயிராவதும் இந்த ஜாதிக் கதைதான். அங்கே சூட்டுக்குப் பதில் புளிப்பு. என் ரூம்மேட் தினமும் காலையில் ஸ்ட்ரெய்ட்னரால் முடியை நீட்டிக்கொண்டு கிளம்புவாள். முடியிலுள்ள கெரட்டினுக்கு இடையே இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டில் விட்டுப்போய், நீட்டிய நிலையில் மறுபடி சேர்கின்றன. மழைத்தூறல் பட்டதும் பழைய சுருட்டை திரும்பி வந்துவிடும். அவள் புலம்பலுக்குக் காரணம் வேதியியல், ஷாம்பூ கம்பெனி இல்லை!

அந்த வியாழக்கிழமை

எங்க எக்ஸ்பெரிமென்ட் இதுதான். முட்டை வெள்ளைக்கருவில் என்னென்ன புரோட்டீன்கள் இருக்கின்றன என்று பிரித்துப் பார்க்க வேண்டும். முறைக்குப் பெயர் எஸ்.டி.எஸ். பேஜ். உலகத்தில் புரோட்டீன் ஆராய்ச்சி நடக்கிற லேப் எதுவானாலும் இது இருக்கும்.

எஸ்.டி.எஸ். என்பது சோப்பு ஜாதி. புரோட்டீனை அதோடு கலந்து கொதிக்க வைத்தால், மடிப்பெல்லாம் பிரிந்து நேர்க்கோடாகிவிடும். மேலெல்லாம் நெகட்டிவ் சார்ஜும் ஒட்டிக்கொள்ளும். கூடவே மெர்காப்டோஎத்தனால் சேர்க்க வேண்டும். அதன் நாற்றத்தைச் சொல்லி மாளாது, அழுகின முட்டை தோற்றது! பிறகு மெல்லிய ஜெல்லில் இருக்கிற குழிகளில் சாம்பிளை விட்டு, கரன்ட் கொடுக்க வேண்டும். நெகட்டிவ் சார்ஜ் ஆச்சே, பாசிட்டிவ் முனையை நோக்கிக் கீழே ஓடும். ஜெல் ஒரு வலை மாதிரி. குட்டிப் புரோட்டீன் சந்து பொந்தில் நுழைந்து வேகமாக ஓடிவிடும். குண்டுப் புரோட்டீன் மேலேயே திணறும். அப்புறம் கூமாஸி ப்ளூ சாயத்தில் ஊறப் போட்டால், எது எங்கே நின்றதோ அங்கே நீலப் பட்டை தெரியும். எடை தெரிந்த புரோட்டீன்கள் கலந்த 'மார்க்கர்' ஒன்று பக்கத்துக் குழியில் ஓடும். அதை வைத்து மற்றவற்றின் எடையைச் சொல்லலாம்.

நானும் என் பெஞ்ச் மேட்டும் எல்லாம் ரெடி பண்ணி, கரன்ட் போட்டுவிட்டு, டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்தால் ஜெல்லில் ஓட வேண்டிய நீலக் கோட்டைக் காணோம். "கீழே ஓடிப் போயிருக்கும்டி"ன்னு அவள் சொன்னாள். சாயத்தில் போட்டோம். அடுத்த நாள் எடுத்துப் பார்த்தால்... ஒன்றுமே இல்லை. முட்டையும் இல்லை, மார்க்கரும் இல்லை. கண்ணாடி மாதிரி சுத்தமான ஜெல்!

ரெக்கார்ட் திங்கள்கிழமை வைக்கணும். அன்றைக்கு ராத்திரியே ஒரு சீனியர் அக்கா போன வருஷத்து ஜெல் போட்டோவை போனில் அனுப்பிவிட்டார். அழகான பட்டைகள். "பிரின்ட் எடுத்து ஒட்டிடு, மேடம் கண்டுக்க மாட்டாங்க. நாங்களும் அப்படித்தான்!" என்று ஒரு கண்ணடிக்கிற ஸ்மைலி வேறு. நானும் பிரின்ட் எடுத்துவிட்டேன். கோந்து பாட்டிலையும் திறந்துவிட்டேன்.

கிண்டியில் ஒரு கங்காரு

ஒட்டுவதற்கு முன் வைவாவுக்குப் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். எங்க வைவாவில் ஒரு கேள்வி நிச்சயம் உண்டு: 'ராமச்சந்திரன் மேப் என்றால் என்ன?' விடையை மட்டும் மனப்பாடம் பண்ணாமல், அந்த மேப் எப்படிப் பிறந்தது என்று அன்றைக்குத்தான் படித்தேன்.

ஜி.என்.ராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது வயது முப்பதை ஒட்டித்தான். சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னால், கொலாஜன் என்ற புரோட்டீனின் வடிவம் இன்னும் புதிராகவே இருக்கிறது என்றார். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் தாங்கிப் பிடிப்பது கொலாஜன். அதற்குச் சாம்பிள் வேண்டுமே? அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோல் என்றாலே கொலாஜன்தானே! அங்கிருந்து கிடைத்தது கங்காரு வாலின் தசைநாண்.

அதன் மேல் எக்ஸ்ரே பாய்ச்சினால் புரோட்டீனின் போட்டோ வந்துவிடாது. வெறும் புள்ளிகளும் கறைகளும்தான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு, எந்த வடிவம் இருந்தால் இப்படிப் புள்ளி விழும் என்று மாடல் கட்டிப் பார்க்க வேண்டும். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கட்டினார்கள். கொலாஜனில் மூன்று இழைகள் சேர்ந்திருக்கின்றன, ஒவ்வொரு இழையிலும் மூன்றில் ஒரு மணி கிளைசின் என்றார்கள். ஏன் கிளைசின்? இருபதில் அதுதான் ரொம்பச் சின்னது. மூன்று இழையும் நெருங்குகிற நடுப்பகுதியில் வேறெதுக்கும் இடமில்லை. 1954-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது. அடுத்த வருஷமே, மூன்றும் கயிறு மாதிரி ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருக்கின்றன என்று மாடலைத் தாங்களே திருத்தினார்கள்.

இங்கேதான் ட்விஸ்ட். டி.என்.ஏ. புகழ் ஃபிரான்சிஸ் கிரிக்கும் அலெக்ஸாண்டர் ரிச்சும் 1955-ல் ஒரு குறை சொன்னார்கள். 'உங்கள் மாடலில் சில அணுக்கள் இருக்க வேண்டியதைவிட நெருக்கமாக இருக்கின்றன.' சொன்னது யார்? உலகமே கொண்டாடிக்கொண்டிருந்த ஆள்! நம்மளா இருந்தா ஒண்ணு கப்சிப்னு அடங்கியிருப்போம், இல்ல வரிஞ்சு கட்டி சண்டை போட்டிருப்போம். ராமச்சந்திரன் வேறு ஒரு கேள்வி கேட்டார்: சரி, இரண்டு அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? எது அதிகபட்சம்?

அதற்கு அதுவரை சரியான பட்டியல் இல்லை. அவரும் சி.ராமகிருஷ்ணனும் வி.சசிசேகரனும் அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளைத் துருவி, அணுக்கள் நிஜத்தில் எவ்வளவு தூரம் நெருங்கியிருக்கின்றன என்று அளவெடுத்தார்கள். பிறகு புரோட்டீன் சரத்தில் அந்த அளவைப் பொருத்திப் பார்த்தார்கள்.

காலை எட்டரை மணி பஸ்ஸில் நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தோளும் முழங்கையும் எந்தப் பக்கமும் திரும்பக் கூடியவைதான். ஆனா திருப்ப முடியுமா? ஒரு பக்கம் திருப்பினா தாத்தா மேல இடிக்கும், இன்னொரு பக்கம் கண்டக்டர் முறைப்பார். கடைசியில் ரெண்டு, மூணு போஸில்தான் நிற்க முடியும். புரோட்டீன் சரத்திலும் ஒவ்வொரு மணிக்கும் திரும்பக் கூடிய இரண்டு மூட்டுகள் உண்டு. ஃபை, ஸை என்று அந்தக் கோணங்களுக்குப் பெயர். ஒன்றைக் குறுக்கு அச்சிலும் இன்னொன்றை நெடுக்கு அச்சிலும் வைத்து கிராஃப் போட்டால், பெரும்பகுதி 'இடிக்கும்' ஏரியா. சில தீவுகள் மட்டும்தான் அனுமதி. சுருளும் விசிறி மடிப்பும் அச்சு அசலாக அந்தத் தீவுகளில் விழுந்தன! 1963-ல் வெளியான அந்த கிராஃப்தான் ராமச்சந்திரன் மேப்.

கொலாஜன் மாடலின் நுணுக்கங்களில் பின்னால் திருத்தங்கள் வந்தன. மூன்று இழை முறுக்கு என்ற அடிப்படை நின்றது. ஆனால் 'உன் கணக்கு இடிக்குது' என்று ஒருத்தர் சொன்னதிலிருந்து பிறந்த மேப், கொலாஜனைத் தாண்டி எல்லா புரோட்டீனுக்கும் அளவுகோலாகிவிட்டது. இன்றைக்கும் உலகத்தில் எந்த லேபில் புது வடிவம் கண்டுபிடித்தாலும், இந்த மேப்பில் சரியாக விழுகிறதா என்று பார்க்கிறார்கள். ஆல்ஃபாஃபோல்டு என்ற ஏ.ஐ. 2022-க்குள் 20 கோடிக்கும் மேற்பட்ட புரோட்டீன்களின் வடிவத்தைக் கணித்துவிட்டது. அதற்கு 2024-ல் நோபலும் வாங்கியாச்சு. அந்தக் கணிப்புகளைச் சரிபார்க்கவும் கிண்டியில் பிறந்த இந்த மேப் உதவுகிறது.

அப்படியே இன்னொரு கதையும் கண்ணில் பட்டது. ஓர் அமெரிக்க ஆய்வகம் வெளியிட்ட பல புரோட்டீன் அமைப்புகள் இட்டுக்கட்டியவை என்று 2009-ல் அந்தப் பல்கலைக்கழகமே அறிவித்தது. அதில் 'நேச்சரில்' 2006-ல் வந்த ஒன்றை மற்ற விஞ்ஞானிகள் எப்படிச் சந்தேகப்பட்டார்கள் தெரியுமா? படிகத்தில் மூலக்கூறு அடுக்குகள் ஒன்றையொன்று தொடாமல் அந்தரத்தில் நின்றன. மனுஷன் கண்டுக்காம விட்டாலும் அணு காட்டிக்கொடுத்துடும் போல!

கோந்து பாட்டிலை மூடிவிட்டேன்.

ஊதுபத்திப் புகை

ரெக்கார்டில் இப்படித்தான் எழுதினேன்: 'பட்டைகள் தெரியவில்லை. மின்முனைகள் மாற்றி இணைக்கப்பட்டதால், சாம்பிள் மேல் பஃபருக்குள் சென்றிருக்கலாம்.' எங்க பவர் பேக் பழசு. சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மாத்திக் குத்தினாலும் வாயைத் திறக்காது.

மேடம் படித்தார். நிமிர்ந்து பார்த்தார். "உண்மையை எழுதினதுக்கு சந்தோஷம்மா. ஆனா வயர் மாறினதை நீங்க பார்த்தீங்களா?"

"இல்ல மேடம்... அப்படித்தான் இருக்கும்னு..."

"அப்போ இதுவும் கதைதானே?"

ரிசல்ட்டுக்குப் பத்துக்கு நாலு மார்க். சுருக்கென்று இருந்தது. ஆனால் அவர் கேட்டதில் என்ன தப்பு? கிரிக் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தானே?

சனிக்கிழமை லேப் அண்ணாவிடம் கெஞ்சி உள்ளே போனோம். மிச்சமிருந்த ஒரு ஜெல்லை மாட்டி, குழிகளில் வெறும் நீலச் சாயத்தை மட்டும் விட்டோம். வேண்டுமென்றே வயரை மாற்றிக் குத்தி ஸ்விட்சைப் போட்டோம். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தோம். நீலம் கீழே இறங்கவில்லை. ஊதுபத்திப் புகை மாதிரி குழியிலிருந்து மெதுவாக மேலே எழும்பி, பஃபரில் கரைந்து காணாமல் போனது. நாங்கள் போட்ட கூச்சலில் அண்ணா ஓடி வந்துவிட்டார்!

பிறகு வயரைச் சரியாகக் குத்தி, புது ஜெல்லில், மெஸ்ஸிலிருந்து வாங்கி வந்த முட்டையை ஓட்டினோம். இந்தத் தடவை டீ கிடையாது, பக்கத்திலேயே காவல். சாயத்தில் ஊறி வெளியே வந்தது ஜெல். 45 கிலோ டால்டன் பக்கம் தடித்த பட்டை, அது ஓவால்புமின். வெள்ளைக்கருவில் பாதிக்கு மேல் அதுதான். அதற்கு மேலே ஓவோட்ரான்ஸ்ஃபெரின். கீழே, 14-க்குப் பக்கத்தில் மெல்லிசாக ஒரு கோடு. கிருமிகளின் சுவரை உடைக்கிற லைசோசைம். சீனியர் அக்கா அனுப்பிய போட்டோ அளவுக்கு அழகாக இல்லை. ஒரு ஓரம் சிரிக்கிற மாதிரி வளைந்திருந்தது. இருந்தாலும் எங்க முட்டை பாஸ்!

மேடம் மார்க்கை மாற்றவில்லை. நாலு நாலுதான். ஆனால் ரெக்கார்டில் காலி ஜெல் படத்துக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி எழுதியிருந்தார்: 'இதைக் கிழிக்காதே.'

கிழிக்கவில்லை. உங்க ரெக்கார்டிலும் அப்படி ஒரு காலிப் பக்கம் இருந்தா, கோந்து பாட்டிலைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை வயரைப் பாருங்க.

அடுத்த வாரம் மீட் பண்ணலாம். டாடா!