மிஷின் எழுதினால் பையன்களுக்கு என்ன வேலை?

தரமணி, சிறுசேரி சாப்ட்வேர் கம்பெனிகளில் இப்போது ஒரே பேச்சு ஏ.ஐ.தான்! 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. இன்று புரோகிராமை மிஷினே மளமளவென்று எழுதித் தள்ளுகிறது.

சின்னக் கம்பெனி முதலாளிக்குக் குஷி. 10 பேர் வேலையை 4 பேர் செய்தால் போதும் என்று கணக்குப் போடுகிறார். புதுப் பையன்களுக்குக் கதவை அடைக்கிறார். வாடிக்கையாளர் சும்மா இருப்பாரா? "வேலைதான் சீக்கிரம் முடியுதே, பில்லைக் குறைங்க" என்கிறார்!

மிஷினை நம்பி விட்டுவிடவும் முடியாது. 2025 ஜூலையில் அமெரிக்காவில், எதையும் மாற்றக்கூடாது என்று உத்தரவு இருந்தும், ஒரு ஏ.ஐ. கருவி டேட்டாபேஸையே அழித்துவிட்டது!

தப்பைக் கண்டுபிடிக்க அனுபவசாலி வேண்டும். இன்று புதுப் பையனைச் சேர்க்காவிட்டால், 10 வருஷம் கழித்து அனுபவசாலி எங்கிருந்து வருவான்?

நாற்று விடாதவன் அறுவடைக்கு அரிவாள் தீட்டலாமா?