வியாதி அத்தைக்கு, கையெழுத்து மாமாவுக்கு

அத்தைக்கு அஞ்சு வருஷத்துக்கு முன்னால மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆச்சு. எல்லாம் சரியாப் போச்சுன்னுதான் இருந்தோம். போன வருஷம் இடுப்பு வலின்னு போனா, எலும்புக்குப் பரவிடுச்சுன்னு ஸ்கேன் சொல்லுது. டாக்டர் அத்தையை வெளியில உக்கார வச்சுட்டு மாமாவையும் என்னையும் உள்ள கூப்பிட்டார். நாலாம் நிலை. முழுசா குணமாக்க முடியாது, மருந்தால கட்டுப்படுத்தி வைக்கலாம்னார்.

மாமா சொன்ன முதல் வார்த்தை: "அவகிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டா."

டாக்டர் தலையாட்டினார். நானும்தான். வெளியில வந்து "எலும்பு தேய்மானம் அத்தை"ன்னு கூசாம புளுகினது சாட்சாத் நானேதான்.

இதுக்குப் பேர் பாசம்னு இனிமே யாரும் எங்கிட்ட வராதீங்க மக்களே.

அந்தப் பொய் என்ன பண்ணுச்சு தெரியுமா? ஹார்மோன் மாத்திரையை 'சத்து மாத்திரை'ன்னு குடுத்தோம். அதோட பக்க விளைவா மூட்டு வலி வந்ததும், சத்து மாத்திரைதானேன்னு அத்தை நிறுத்திட்டாங்க. ரெண்டு மாசம் எங்களுக்கே தெரியாது. தேய்மானத்துக்கு எதுக்கு வலி மருந்துன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டாங்க. பேத்தி காதுகுத்தை "இடுப்பு சரியானதும் பாத்துக்கலாம்"னு தள்ளிப் போட்டாங்க.

ஒரு பட்டன் நிறத்தை மாத்தணும்னாலே கிளையன்ட் ஒப்புதல் இல்லாம நான் கை வைக்க மாட்டேன். இங்க ஒரு மனுஷியோட மிச்ச வாழ்க்கையையே அவங்களைக் கேக்காம முடிவு பண்ணிட்டோம்.

சட்டமும் இதை ஏத்துக்கல. ஒரு பெண்ணுக்குப் பரிசோதனைக்காக மயக்க மருந்து குடுத்துட்டு, வெளியில இருந்த அம்மாகிட்ட சம்மதம் வாங்கி கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துட்டாங்க. வயசு வந்த, தானே முடிவெடுக்கக்கூடிய நோயாளிக்குப் பதிலா அம்மா குடுத்த சம்மதம் செல்லாதுன்னு உச்சநீதிமன்றம் 2008லயே தீர்ப்பு சொல்லிடுச்சு. கடைசிக் காலத்துல செயற்கை சுவாசமெல்லாம் வேணாம்னு முன்கூட்டியே எழுதி வைக்கிற உரிமையை 2018ல ஏத்துக்கிட்டு, 2023ல நடைமுறையையும் எளிமையாக்குச்சு. என்ன வியாதின்னே தெரியாதவங்க எதைங்க எழுதறது?

"அப்ப மூஞ்சிக்கு நேரா போட்டு உடைக்கச் சொல்றியா?"ன்னு கேப்பீங்க. இல்லைங்க. "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க ஆசைப்படறீங்க?"ன்னு முதல்ல அவங்களையே கேக்கணும். "எனக்கு வேணாம், என் பையன்கிட்ட பேசிக்குங்க"ன்னா சரி, அதுவும் அவங்க எடுத்த முடிவு. தெரியணும்னா, தாங்கற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா சொல்லணும். கீமோவா, மாத்திரையா, முடி கொட்டினா பரவாயில்லையா, எவ்வளவு நாள் வீட்டுல இருக்கணும், எவ்வளவு காசு செலவழிக்கணும் - இதுல பாதிக்கு மேல டாக்டருக்கே பதில் தெரியாத கேள்வி. பதில் நோயாளிகிட்ட மட்டும்தான் இருக்கு.

போன மாசம் அத்தை மாத்திரை அட்டையை எடுத்துட்டுப் போய் மருந்துக் கடைப் பையன்கிட்ட காட்டியிருக்காங்க. அவன் சொல்லிட்டான். ஒரு கடைப் பையனுக்கு இருந்த நேர்மை எங்க யாருக்கும் இல்ல.

அத்தை உடையல. எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "எட்டு மாசமா எல்லாரும் ஒளிஞ்சு ஒளிஞ்சு அழுதீங்களேடா. சொல்லியிருந்தா நானும் சேந்து அழுதிருப்பேன்ல?"

இப்ப மாத்திரையை அவங்களே எடுத்துப் போட்டுக்கறாங்க. வலிக்குதுன்னு வாய்விட்டு சொல்றாங்க. காதுகுத்து அடுத்த மாசம், வீட்டுலயே. தேதி குறிச்சது அத்தை.