வாயைக் கட்டச் சொல்பவர்களுக்கு

சர்க்கரை வந்தவனைக் கண்டால் எல்லோருக்கும் ஒரே அறிவுரைதான்: "வாயைக் கட்டுங்க சார்." கல்யாணப் பந்தியில், காலை நடையில், மருந்துக் கடையில், எங்கே போனாலும் இதே பாட்டு. பசி என்னவோ ஒழுக்கக் கேடு மாதிரி! எனக்கு எரிச்சலாக வருகிறது.

போதும் என்ற தகவல் பெருமளவு குடலிலிருந்து கிளம்புகிறது ஐயா. குடலின் உட்சுவரில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் ஹார்மோன் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. பருப்போ முட்டையோ மீனோ செரித்து அமினோ அமிலமாகவும் குட்டிப் பெப்டைடாகவும் உடைந்து வரும்போது இவை கண்டுகொள்கின்றன. ரத்தத்தில் கால்சியத்தை அளக்க உதவும் அதே ஏற்பி, இங்கே டிரிப்டோஃபான் போன்ற அமினோ அமிலங்களையும் அடையாளம் காண்கிறது. சிறுகுடலின் மேற்பகுதியில் உள்ளவை கோலிசிஸ்டோகைனினை விடுகின்றன. பித்தப்பை சுருங்கும், கணையம் நொதிகளை அனுப்பும், இரைப்பை காலியாவது மெதுவாகும், வேகஸ் நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகும். கீழே உள்ளவை ஜிஎல்பி-1, பெப்டைட் ஒய்ஒய் என்று இன்னும் இரண்டை விடுகின்றன. குடல் ஹார்மோன் நேற்றைய சரக்கல்ல. 1902-இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டுபிடித்த செக்ரிடினும் குடலில் சுரப்பதுதான்.

இயற்கையான ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டு நிமிடத்தில் பாதியாகிவிடும். அதுபோலவே வேலை செய்து நாள்கணக்கில் நிற்கும்படி உருவாக்கியதுதான் வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைட் ஊசி. ஊசி போட்டுப் பசி அடங்கினால் மருத்துவமாம். ஊசியில்லாமல் பசித்தால் மட்டும் மனவலிமை இல்லையாம்!

நம் தட்டைப் பாருங்கள். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு உப்புமா. இட்லி மாவில் அரிசி நாலுக்கு உளுந்து ஒன்று. சாம்பாரில் பருப்பைத் தேடிப் பிடிக்க வேண்டும். (ஹோட்டல் சாம்பாரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.) மாவுச்சத்துக்கும் அந்தச் செல்கள் பதில் சொல்லும்தான், ஆனால் அதே கலோரிக்குப் புரதம்தான் கூடுதலாகப் பசி தாங்கும். எனக்கு ஒரு கிளினிக்கில் கொடுத்த தாளில் எதையெல்லாம் சாப்பிடக் கூடாது என்று ஒரு பக்கம். எதைச் சாப்பிடலாம் என்று ஒரு வரிகூட இல்லை.

அதற்காகப் பவுடர் டப்பா வாங்கச் சொல்லவில்லை. டப்பாக்காரன் வேறொரு வியாபாரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டவும் கூடாது. மற்றவர்களுக்குக் கடலையும் பயறும் மளிகைக் கடையிலேயே இருக்கின்றன. எங்கள் வீட்டில் இப்போது முதலில் சுண்டல், அப்புறம்தான் சோறு. நவராத்திரி முடிந்துமா தாத்தா என்று பேத்தி கேட்கிறாள்.