பலகைக்கு மட்டும் பெயின்ட் கிடைக்கிறது

நேற்று சாயங்காலம் என்னிடம் படித்த பையன்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். பையன்கள் என்ன, ஒருத்தனுக்குத் தலை நரைத்துவிட்டது. "சார், பூங்காவுக்கு எங்க தலைவர் பெயர் வைக்கணும். மனுவில் முதல் கையெழுத்து நீங்கதான் போடணும்" என்றார்கள். போடவில்லை. காபியைப் பாதியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஏன் போடவில்லை என்று இங்கே எழுதிவிடுகிறேன், எல்லாக் கட்சிக்காரர்களும் படிக்கட்டும்.

2011-ல் ஆட்சி மாறியபோது சமச்சீர்ப் புத்தகங்கள் அச்சாகித் தயாராக இருந்தன. நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்ட் 9-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் பிள்ளைகள் கைக்குப் புத்தகம் வந்தது. அதிலும் முந்தைய ஆட்சியின் அடையாளம் தெரியக்கூடாதாம். செம்மொழி மாநாட்டு இலச்சினை மேல் ஸ்டிக்கர். நானும் உட்கார்ந்து ஒட்டினேன், மறுத்துப் பேசவில்லை. கடைசி பெஞ்சுக்காரன் ஒருவன் ஒட்டிய பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த வருடம் வகுப்பே ஆர்வமாகப் பார்த்த பக்கம் அது ஒன்றுதான்!

மற்றவர்கள் மட்டும் யோக்கியமா? 2021 மே மாதம் வெற்றிச் செய்தி வந்த சூட்டிலேயே சென்னை முகப்பேரில் அம்மா உணவகத்தின் பலகையைப் பிய்த்துப் போட்டார்கள். ஸ்டாலின் அதைத் திரும்ப மாட்டச் சொன்னார், பிய்த்தவர்களைக் கட்சியை விட்டு நீக்கினார். பழைய முதல்வர்கள் படம் போட்ட புத்தகப் பைகளையும் அப்படியே கொடுக்கச் சொன்னார், 13 கோடி ரூபாய் மிச்சம். பாராட்டுகிறேன். ஆனால் மதுரை நூலகம், அலங்காநல்லூர் அரங்கம், கிளாம்பாக்கம் பஸ் நிலையம் என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்தால், அடுத்து வருகிறவன் கையில் பிரஷ்ஷைக் கொடுப்பது யார்?

1985-ல் பிறந்த திண்டுக்கல் மாவட்டம் அண்ணா, காயிதே மில்லத், மன்னர் திருமலை என்று மூன்று பெயர்களைப் பார்த்தது. 1997-ல் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் வந்ததும் தென்மாவட்டங்களில் ரத்தம் சிந்தியது. ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டேன் என்றார்கள். கடைசியில் கழகங்கள், மாவட்டங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர் பெயர்களை எடுத்தார்கள். 1996-ல் பிறந்த நம்ம தேனி தப்பித்தது.

எம்.ஜி.ஆர். அமெரிக்க ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே ஜெயிக்க வைத்த ஆண்டிபட்டித் தொகுதி நம்முடையது. ஜெயலலிதாவையும் இரண்டு முறை அனுப்பினோம். தலைவர் பக்தி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனாலும் மெடிக்கல் காலேஜுக்குப் போக பஸ்ஸில் என்ன சொல்லி டிக்கெட் எடுக்கிறோம்? க.விலக்கு. கண்டமனூருக்குப் பிரிகிற இடம், அவ்வளவுதான். எந்த ஆட்சியும் அதை அழிக்கவில்லை.

"அவங்க மட்டும் வைக்கலாமா சார்?" என்று கேட்டான் ஒருவன். கூடாது தம்பி. ஒரு கட்சி ஆட்சியில் இருக்கும்வரை அரசுப் பணத்தில் கட்டியதற்கு அந்தக் கட்சித் தலைவர் பெயரை வைக்கவே கூடாது என்று சட்டம் போடட்டும். அந்தக் கோரிக்கைக்கு நான் முதல் ஆள்.

அந்தப் பூங்காவின் பலகைக்கு இதுவரை இரண்டு முறை பெயின்ட் அடித்தாயிற்று. ஊஞ்சல் சங்கிலி மட்டும் அறுந்தபடியே தொங்குகிறது. அதற்கு ஒரு மனு எழுதிக்கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். காபியும் உண்டு.