இழிபெயரா எஸ்போசிட்டோ?

"நீ யார் வீட்டுப் பிள்ளை?" கல்லூரியில் சேர்ந்த அன்று ஒருவர் என்னிடம் கேட்ட முதற் கேள்வி இது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். விடை சொல்லக் கூசினேன். அக்கூச்சத்தைப் போக்கியது ஓர் இத்தாலியக் குடும்பப்பெயரின் வரலாறு.

நேப்பிள்ஸ் நகரில் மிகப் பரவலான குடும்பப்பெயர் 'எஸ்போசிட்டோ'. 'வெளியே வைக்கப்பட்டவன்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. அந்நகரின் அனுன்சியாட்டா அறநிலையச் சுவரில் சுழலும் மர உருளை ஒன்று இருந்தது. வறுமையாலோ பழிக்கு அஞ்சியோ பிள்ளையை வளர்க்க இயலாத தாய், அதில் குழந்தையை வைத்துச் சுழற்றுவாள். உள்ளே இருப்போர் எடுத்துக்கொள்வர். அவள் முகம் எவருக்கும் தெரியாது. அக்குழந்தைகளுக்கு இட்ட பெயரே எஸ்போசிட்டோ. அநாதை என்பதை ஆயுள் முழுதும் அறிவிக்கும் பெயர்!

1814-இல் மன்னர் மூரா, இப்பெயர் இடுவதைத் தடுத்தார். 1875-இல் உருளையும் மூடப்பட்டது. ஆயினும், முன்னரே பெயரைச் சுமந்தவர்கள் அதைத் தம் மக்களுக்கும் வழங்கினர். தத்துவ அறிஞர் ராபர்ட்டோ எஸ்போசிட்டோ இன்று உலகறிந்தவர்.

இழிவைத் துடைத்தது சட்டமா? இல்லை, பெயரைத் தாங்கியவர்களின் வாழ்வே என்பேன். ஆகவே நண்பர்களே, அடுத்த ஆண்டு புதிதாய் வரும் மாணவனிடம் "யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்க வேண்டாம். "என்ன படிக்க வந்தாய்?" என்று கேட்போம்.