கரிக்கு டாட்டா

"எல்லாம் கை மீறிப் போச்சுங்க, இனிமே என்ன பண்ணி என்ன ஆகப்போகுது?" பூமி சூடாவதைப் பற்றிப் பேச்செடுத்தாலே இப்படி அலுத்துக்கொள்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஏன்னு சொல்றேன்.

1882-லேயே லண்டனில் நிலக்கரியை எரித்துத் தெருவிளக்குக்கு மின்சாரம் கொடுத்த நாடு பிரிட்டன். 2012-ல் கூட அவர்கள் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் கரியிலிருந்துதான் வந்தது. 2024 செப்டம்பர் 30-ம் தேதி, ராட்கிளிஃப்பில் இருந்த கடைசி நிலக்கரி மின்நிலையத்தையும் இழுத்து மூடிட்டாங்க. பன்னிரண்டே வருஷம்!

கரிக்கு வரி போட்டார்கள், சரி. ஆனா வரி போட்டா மட்டும் விளக்கு எரியுமா? பதிலுக்கு ஒண்ணு வேணுமே. 2000-ல் பிளைத் ஊருக்குப் பக்கத்துக் கடலில் அவர்கள் நட்ட காற்றாலை ஒவ்வொன்றும் 2 மெகாவாட். 2023-ல் டாகர் பாங்க் கடலில் சுற்ற ஆரம்பித்தது 13 மெகாவாட். ஒரு இறக்கை மட்டுமே 107 மீட்டர் நீளம்! ஒரே ராத்திரியில் வந்த அதிசயம் இல்லை இது. முகம் தெரியாத எத்தனையோ இன்ஜினியர்கள் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாப் பெரிதாக்கிக்கொண்டே வந்தது.

"எரிவாயுவை இன்னும் எரிக்கிறாங்களே?"ன்னு கேப்பீங்க. வாஸ்தவம்தான். உலகம் பூரா கரிப்புகையும் நின்னுடலை. வேலை இன்னும் முடியலை.

ஆனா 'முடியலை' வேற, 'முடியாது' வேற. முடியாதுன்னு நாம கையைக் கட்டிக்கிட்டு உக்காந்தா, சந்தோஷப்படப்போறது கரி விக்கிறவங்க மட்டும்தான்.