பெலாஜியஸை நம்மவராக்க வேண்டாம்

 

கிறிஸ்தவர்களோடு விவாதிக்கும் நம்மவர் சிலர், பெலாஜியஸ் என்ற பெயரை ஆயுதமாக எடுப்பதுண்டு. "ஆதமின் பாவம் பிள்ளைகளைச் சேராது என்றதற்காகத் திருச்சபை அவரைச் சபித்தது, அவர் சொன்னது நம் கொள்கைதானே?" என்பது அவர்களின் வாதம். இதில் பாதி உண்மை. மறுபாதி நம் ஈமானுக்கே ஊறு விளைவிப்பது.

பிரிட்டனைச் சேர்ந்த துறவியான பெலாஜியஸ், கி.பி. 400ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோமில் போதித்தவர். மனித பலவீனத்தைச் சாக்காகக் கூறி ஒழுக்கத்தில் தளர்ந்தோரைக் கண்டித்தவர். வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ நகர ஆயர் அகஸ்டினோ, ஒவ்வொரு குழந்தையும் ஆதமின் குற்றத்தோடே பிறக்கிறது என்றார். ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் சிசுவும் தண்டனைக்குரியதே என்னும் அளவிற்குச் சென்றார். 415இல் பாலஸ்தீனத்தின் லுத் நகரில் கூடிய ஆயர்கள் பெலாஜியஸை விடுவித்தனர். 418இல் கார்தேஜில் கூடிய ஆயர்களோ அவரது கொள்கையைச் சபித்தனர். பேரரசர் ஹொனோரியஸ் அவரை ரோமிலிருந்து வெளியேற்ற ஆணையிட்டார்.

பிறவிப் பாவத்தை மறுத்ததில் நியாயம் பெலாஜியஸின் பக்கமே. ஆதம் (அலை) பிழை செய்தார்கள், தவ்பா செய்தார்கள், அல்லாஹ் மன்னித்தான். மன்னிக்கப்பட்ட பிழை எவ்வாறு வாரிசுச் சொத்தாகும்?

ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. சுயவிருப்பம், வேதக் கட்டளை, ஈசா (அலை) அவர்களின் முன்மாதிரி, பாவமன்னிப்பு ஆகியவற்றையே இறையருள் என்றார். மனிதன் விரும்பினால் பாவமின்றி வாழ இயலும் என்றார். உள்ளத்தை உள்ளிருந்து நன்மையின்பால் திருப்பும் இறையுதவிக்கு அவரது கொள்கையில் இடமில்லை.

இதையா நாம் நம்புகிறோம்? ஒவ்வொரு ரக்அத்திலும் ஃபாத்திஹா ஓதி உதவியும் நேர்வழியும் கேட்பது ஏன்? எவரையும் அவரது அமல் மட்டும் சுவனத்தில் சேர்த்துவிடாது, இறையருள் சூழ்ந்தாலன்றித் தம்மையும்கூட என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. மனிதச் செயல்களை இறைவிதியினின்று பிரித்த கதரிய்யாக்களை நம் இமாம்கள் மறுத்ததும் இதனாலன்றோ! முயற்சி நம் கடமை. அம்முயற்சிக்கான தவ்ஃபீக் அவனிடமிருந்தே வருகிறது.

விவாதத்தில் வெல்வதற்காக இரவல் வாங்கிய கொள்கை மேடையோடு நின்றுவிடாது. குடியை விட்டுத் திருந்திப் பள்ளிவாசலுக்கு வரும் இளைஞனை, முன்வரிசையில் நிற்பவர் ஏளனமாகப் பார்ப்பது எதனால்? தம் தொழுகையைத் தம் சாதனை என எண்ணுவதால்தான். அவரைத் தஹஜ்ஜுதுக்கு எழுப்பியவன் எவனோ, அவனே அந்த இளைஞனின் உள்ளத்தையும் திருப்பினான். அருளால் நிற்பவருக்கு, அருளால் மீண்டவனை இகழ என்ன உரிமை?

பிறவிப் பாவத்தை மறுக்க நமக்குக் குர்ஆன் போதும், பெலாஜியஸ் வேண்டாம். நன்மை செய்யவும், செய்த நன்மையால் செருக்குறாதிருக்கவும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.